வலப்பக்கம் கிளம்பிய மூட்டைகள்

களமருதூர்
2.6.2025

கவியரசன் அண்ணாவுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. லேப் அட்டெண்டர் ஆதிமூலம் அண்ணன்தான், நீங்கள் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருப்பதாகச் சொல்லி இந்த விலாசத்தைக் கொடுத்தார்.

நம் பேப்பர் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டில் ஒரு குழு அதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறது. நமக்கு வந்தது அவர்களுக்கு வரவில்லை. ஆய்வுப் பத்திரிகையிலிருந்து மூலப் படங்களைக் கேட்டு எழுதிவிட்டார்கள். என் கைடு தெய்வசிகாமணி சாரே, டீன் அறையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: “கணக்கு முழுக்க செவ்வந்திதாங்க போட்டது. நான் நம்பி கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு, தட்டிலிருந்த மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். ஒவ்வொன்றாக, தோலை உரித்து.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி விசாரணைக் குழு உட்காருகிறது. நான் இட்டுக்கட்டினேன் என்று அவர்கள் எழுதிவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. அதன்பிறகு எந்த ஊரில் எந்த லேபிலும் என்னை வாசற்படி ஏற்றமாட்டார்கள். அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“அஞ்சு வருசமா அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?” என்று அம்மா கேட்டது. நரம்பு செல்லுக்கு நீளமாக ஒரு வால் உண்டு, அதற்குள் தண்டவாளம் மாதிரி குழல்கள் ஓடுகின்றன, அதன்மேல் சின்னச் சின்ன மூட்டைகள் போய்வருகின்றன என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு வகைப் புரதம். கைனசின் வெளியே இழுக்கும், டைனீன் செல்லின் உடம்பைப் பார்த்து உள்ளே இழுக்கும். இரண்டும் ஒரே மூட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது முன்னும் பின்னுமாக அலைகிறது, அந்த அலைச்சலுக்குத்தான் கணக்கு எழுதினேன் என்றேன். “ஆளுக்கொரு பக்கம் இழுத்தா மூட்ட கிழிஞ்சி பூடாதா?” என்றது. கிழியாது, ரெண்டு பேருக்கும் சம பலம், இழுபறியில் யார் கை ஓங்குதோ அந்தப் பக்கம் போகும், அதுதான் எங்கள் பேப்பர் என்றேன். “இத்துக்கா உன்ன வூட்டுக்கு அனுப்பிட்டானுங்க?” என்று கேட்டுவிட்டு அம்மா களை எடுக்கப் போய்விட்டது.

அண்ணா, எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. நானூற்றுப் பன்னிரண்டு படத்துண்டும் உங்கள் கையால் எடுத்தவை. துண்டில் வாலின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், செல்லின் உடம்பு தெரியாது. “உடம்பு எப்போதும் இடப்பக்கம்” என்பதுதான் நம் லேப் விதி. எல்லாத் துண்டிலும் அப்படியே இருந்தது என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, உங்கள் நோட்டையும் அனுப்புங்கள். என் கணக்கில் தப்பில்லை என்று நான் காட்டிக்கொள்வேன்.

செவ்வந்தி


வெள்ளிமலை
14.6.2025

செவ்வந்திக்கு,

கடிதம் வந்தது. இங்கே தபால் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மேலே ஏறும்.

நோட்டு இல்லை. லேபை விட்டு வந்த வாரமே எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். அந்த இடத்தின் ஞாபகமாக ஒரு சட்டைகூட என்னிடம் இல்லை. செல் வளர்க்கும் அறையின் அந்தப் புளித்த வாடை இப்போதும் சில நாள் மூக்கில் வரும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆயுத பூஜை முடிந்ததும் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் சார் அப்பிய சந்தனத்தைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தது யார்? நான். வெளியிலிருந்து யார் வந்தாலும் “நம்ம ஜில்லாப் புள்ளைங்க, நான்தான் தூக்கிவிட்டேன்” என்று நம் இருவரையும் வரவழைத்து நிறுத்துவாரே, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துக் காட்டுவதுபோல. நீ சிரித்துக்கொண்டு நிற்பாய். எனக்கு உன்மீதுதான் எரிச்சல் வரும்.

விட்டுத் தொலை. குழு என்ன எழுதினால் என்ன? எம்.எஸ்சி. இருக்கிறது, பி.எட். முடி. இங்கே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் இல்லாமல் நானே கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். சுற்றிலும் மரவள்ளி, சாயங்காலம் பனி. யாருடைய மிக்சரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

புது நம்பர் கேட்காதே. போனில் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

கவியரசன்


களமருதூர்
23.6.2025

அண்ணா,

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் சந்தனம், பனி, மரவள்ளி எல்லாம் எழுதினீர்கள். அந்த வரியை மட்டும் எழுதவில்லை. எரித்துவிட்டேன் என்று சொல்கிறவர், “எல்லாத் துண்டிலும் உடம்பு இடப்பக்கம்தான்” என்று எழுத என்ன தடை?

அதனால் நானே உட்கார்ந்தேன். படங்கள் என் லேப்டாப்பில் ஒரு பிரதி இருக்கிறது. பகலெல்லாம் கரண்டு போய்ப் போய் வந்தது, மூன்று நாளானது. நானூற்றுப் பன்னிரண்டிலும் மூட்டை முதலில் கிளம்புவது வலப்பக்கம். ஒன்று விடாமல். ஒரு நாணயத்தை நானூற்றுப் பன்னிரண்டு முறை சுண்டினால் அத்தனை முறையும் தலையே விழுமா?

படம் தொடங்கும்போது மூட்டை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்த முதல் ஓட்டம் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாததால் கணக்கில் அதைக் கழித்துவிடுவது வழக்கம். கழித்ததால் என் கண்ணில் படவில்லை என்று குழுவிடம் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் எதற்குப் பொய்? பட்டது. இரண்டாம் வருஷமே பட்டது. “கவி அண்ணாவிடம் கேட்கணும்” என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டினேன். அன்று மாலையே என் சமன்பாட்டின் கோடு புள்ளிகளின்மேல் அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது. வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் ஓட்டமும் ஒரே நீளம், ஒரே வேகம், திரும்புவதற்கு முன் ஒரே அளவு தடுமாற்றம். சார் எல்லாருக்கும் பாதுஷா வாங்கினார். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கேட்டிருந்தால் அந்தக் கோடு கலைந்துவிடுமோ என்று பயம். இப்போது அந்தப் பாதுஷாவை நினைத்தாலே வாய் ஓங்கரிக்கிறது.

நேற்று வேறொரு வேலை செய்தேன். வெளியே போவதும் உள்ளே வருவதும் துளிகூட ஒத்துப்போகாத மாதிரி ஒரு பொய்த் தரவை நானே உண்டாக்கினேன். பிறகு அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றை இடவலமாகத் திருப்பிவிட்டேன். திருப்பினால் உடம்பு வலப்பக்கம் போய்விடும், உள்ளே வருவதெல்லாம் என் கணக்கில் வெளியே போவதாகப் பதிவாகும். அப்படியே நம் பேப்பர் வந்தது. சம பலம், சம இழுபறி.

படங்களைத் திருப்பினீர்களா? ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும். கோழை மாதிரி மலை ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு பி.எட். படிக்கச் சொல்லாதீர்கள்.

செவ்வந்தி


வெள்ளிமலை
4.7.2025

செவ்வந்தி,

ஆமாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் சார் பெரிய திரையில் படம் பார்ப்பாரே, உனக்கு அந்த நேரம் வகுப்பு இருக்கும், நீ வரமாட்டாய். முதல் வருஷம், முதல் படம், மூட்டை இடப்பக்கம் கிளம்பியது. “இன்னாய்யா இது, எடுத்த எடுப்புலயே பீச்சாங்கை பக்கம் போவுது? வெளங்குமா?” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு மதியம் மானியக் குழுவிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. அது முழுக்க என் தலையில் விடிந்தது. புது மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வருகிற மாதிரி, அவருக்கு எல்லா மூட்டையும் வலப்பக்கம் கிளம்ப வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து இடப்பக்கம் கிளம்பும் துண்டை ஒரு பட்டனில் திருப்பிவிட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது, எனக்கும் நிம்மதி. திருப்பியதை அதே பெயரில் சேமித்தேன். மூலப்படம் அதன்கீழ் அழிந்துவிட்டது. அந்த ஃபைல்கள்தான் உனக்கு வந்தன.

திரையில் காட்டத்தானே என்று இருந்துவிட்டேன். நீ வலப்பக்கம் என்றால் வெளியே என்று எடுத்துக்கொள்வாய் என்பது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. பேப்பர் அச்சாகி வந்தபிறகு அதை வரிவரியாகப் படித்தபோதுதான் உறைத்தது. 2023 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஆதிமூலம் டீ வைத்துக்கொண்டிருந்தார். சார் கேட்டுவிட்டுச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்: “பேப்பர் வந்தாச்சுய்யா. பொறந்த புள்ளைய திருப்பி வயித்துக்குள்ள தள்ள சொல்றியா?” சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லில் வெற்றிலைத் துணுக்கு.

நான் வேலையை விட்டேன் என்பது உண்மை. மானஸ்தனாக விட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். போகும்போது அவர் ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார், நேர்மையானவன், பொறுப்பானவன் என்று. அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். இந்தப் பள்ளி வேலை அந்தத் தாளில் கிடைத்ததுதான். சான்றிதழ் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் என்மேல் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும். மூடி வைத்துவிடுவேன்.

நோட்டை எரிக்கவில்லை. திருப்பிய ஒவ்வொரு துண்டின் நம்பருக்கும் நேரே சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், நூற்று அறுபத்து மூன்று புள்ளி. எதை மாற்றினாலும் குறித்து வைப்பது என் பழக்கம். நாளைக்குப் பஸ் பிடித்து சங்கராபுரம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் வைத்துக்கொள். ஆனால் குழுவுக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்லாதே. தற்காலிக வேலை, அடுத்த மாதம்தான் நீட்டிப்புக்குக் கையெழுத்து.

கவியரசன்


களமருதூர்
20.7.2025

அண்ணா,

நோட்டு வந்தது. புள்ளி வைத்த நூற்று அறுபத்து மூன்றையும் திருப்பிப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன்.

என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் செத்தது. இழுபறியே இல்லை. வெளியே போகும் ஓட்டம் நீளம், உள்ளே வருவது குட்டை. வெளியே போகிற மூட்டை திரும்பும்போது பட்டென்று திரும்பிவிடுகிறது. உள்ளே வருவது மட்டும் திரும்புவதற்கு முன் நின்று நிதானித்துத் திரும்புகிறது. சம பலமுள்ள இருவர் மல்லுக்கட்டினால் இப்படி வராது. ஒன்று கையை எடுத்த பிறகுதான் மற்றது பிடிக்கிறது, யாரோ முறை வைத்து விடுகிறார்கள். இரண்டையும் கலந்து போட்டதால்தான் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்திருக்கிறது. ஐந்து வருஷமாக இல்லாத சண்டைக்குச் சமன்பாடு எழுதியிருக்கிறேன்.

இதைச் சாருக்கு மெயிலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் எங்கள் தெருவுக்குக் கார் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், கையில் ஸ்வீட் பாக்ஸ். இந்த மனிதரின் அண்ணனுடைய கரும்புக் கொல்லையில், மணலூர்பேட்டையில், அப்பா கரும்பு வெட்டியிருக்கிறார். அதனால் அப்பா உட்காரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டோம். அம்மா டீ போட்டுக் கொடுத்தது. “ஷுகரும்மா” என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். லேபில் அவர் டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை என்று எனக்குத் தெரியாதா? ஈ வந்து விழும்வரை அது அங்கேயே இருந்தது.

“அம்மாடி, இது முன்னத விட பெரிய பேப்பரு. நீதான் முதல் பேரு” என்றார். பழைய பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமாம். காரணம், முன்னாள் திட்ட உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவு. குழுவிடம் நான் அதைச் சொன்னால் அன்றைக்கே என் பதிவு உறுதி, டிசம்பருக்குள் பட்டம். நீங்கள் அவரிடம் வந்து சொன்னீர்கள் என்பது மட்டும் வெளியே வரக்கூடாது. “அவன் போய்ட்டான். இருக்கறவங்க பொழைக்கணும்ல?” என்றார்.

எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். அண்ணா, திருப்பியது உங்கள் கை. அது பொய்யில்லையே. நீங்கள் இந்தத் துறையை விட்டே போய்விட்டீர்கள், உங்கள் பெயர் ஒரு தாளில் வந்தால் மலையில் யார் படிக்கப் போகிறார்கள்? எனக்கு இதைவிட்டால் வேறு கிடையாது. எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய பெண்ணே நான் ஒருத்திதான். உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா? மார்ச் மாத விஷயத்தை விட்டுவிடட்டுமா?

செவ்வந்தி


வெள்ளிமலை
29.7.2025

செவ்வந்தி,

உன் கடிதத்தைப் படித்ததும் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அது அங்கேயே கிடந்தது.

என் பெயரை எழுது. அதற்கு என்னிடம் அனுமதி கேட்கவே வேண்டாம். நான் செய்தேன், நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்லவே இல்லை என்று ஆக்கிவிடாதே. அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான், அந்த லேபில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிஞ்சும்? உனக்கு அந்த டீ டம்ளர் தெரிந்திருக்கிறது, ஈ தெரிந்திருக்கிறது, அதற்குப் பிறகும் “விட்டுவிடட்டுமா” என்று கேட்க எப்படி மனசு வந்தது? சாரைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு, அது பழகிவிட்டது. உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

என்னைக் கோழை என்று எழுதினாய். சரி. தலைமையாசிரியரிடம் லீவு சொல்லிவிட்டேன். பதினொன்றாம் தேதி நானே வருகிறேன். எல்லாவற்றையும் என் வாயால் சொல்கிறேன், மார்ச் மாதத்தையும் சேர்த்து. சார் இல்லவே இல்லை என்பார். ஆதிமூலம் அண்ணனுக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது, அவர் வாய் திறக்கமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் உன்னைத்தான் கேட்பார்கள். ஜூலை நாலாம் தேதிக் கடிதம் உன்னிடம் இருக்கிறது, அதை எடுத்து மேசையில் வை. உன்னை வேறு எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

கவியரசன்


களமருதூர்
20.8.2025

அண்ணா,

உங்களை முதலில் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது உங்கள் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனீர்கள். வேப்பமரத்துக்குக் கீழே எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஆதிமூலம் அண்ணன் பிறகு சொன்னார். நான் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் நல்லவர்கள் போலத்தான் தெரிந்தது. “தப்பு நடந்ததை பேராசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்னு கவியரசன் சொல்றார். உங்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்கள்.

உங்கள் கடிதம் பையில் இருந்தது. பை மடியில் இருந்தது.

“தெரியாதுங்க மேடம்” என்றேன்.

“உங்ககிட்ட எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று மறுபடியும் கேட்டார்கள். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. “இல்லீங்க” என்றேன். குரல் நடுங்கவில்லை. பையின் ஜிப்பை மட்டும் இழுத்து மூடினேன்.

முடிவு எழுதிவிட்டார்கள். படங்களில் ஏற்பட்ட பிழைக்கு முன்னாள் உதவியாளர் கவியரசன் மட்டுமே பொறுப்பு. பேராசிரியருக்குத் தெரியப்படுத்தியதாக அவர் கூறுவதற்கு ஆதாரம் இல்லை. என் பதிவு தொடரும். ஒரு நகல் உங்கள் பள்ளிக்கும் போகிறது என்று தெரியும், அதைத் தடுக்க நான் எதுவும் செய்யவில்லை. சார் அறையில் கேசரி கொடுத்தார்கள். இரண்டு முறை வாங்கித் தின்றேன். சாருக்குத் திடீரென்று ஷுகர் சரியாகிவிட்டது, என் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டது, “எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லன்னு பெரியவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க.”

சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கிறது. சோறு இறங்குகிறது. நன்றாகத் தூங்குகிறேன். காலையில் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது மட்டும், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கிறது, என்னை நானே பார்ப்பது.

உங்கள் ஜூலை நாலாம் தேதிக் கடிதத்தையும் அந்த நோட்டையும் இதோடு அனுப்புகிறேன். என் பீரோவில் இருந்தால் ஒருநாள் நானே அவற்றை எரித்துவிடுவேன், எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சாரிடம் சொன்னது எனக்கு முன்பே தெரியும், குழுவுக்கு முன்னால் இரண்டு முறை பொய் சொன்னேன் என்று இதில் என் கையெழுத்தில் இருக்கிறது. குழுவின் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நானே அனுப்பலாம். இரண்டு நாளாகத் தபாலாபீஸ்வரை போய்த் திரும்பி வந்தேன், என்னால் முடியவில்லை. நீங்கள் அனுப்புங்கள்.

அடுத்த வாரம் என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வரும். அனுப்பிவிடாதீர்கள் அண்ணா என்று அதில் அழுது கெஞ்சியிருப்பேன். அதைப் பிரிக்காதீர்கள்.

செவ்வந்தி